கிராமத்துப் பள்ளிக்கூட நாவல்கள்: எதில் தொடங்கலாம், எப்படிப் படிக்கலாம்

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்தில், ஈராசிரியர் பள்ளியில் வேலை பார்க்கும் இடைநிலை ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார். சாயங்கால பஸ்ஸை விட்டால் வேறு வண்டி இல்லாத ஊர் என்பதால் அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். ராத்திரி படிக்க ஏதாவது வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கூட வாழ்க்கையை மனசு நோகாமல், சிரிப்போடு சொல்கிற நாவல்கள் இருப்பதாகத் தோழி சொன்னாராம். எதில் தொடங்குவது, தமிழில் கிடைக்குமா, ஆங்கிலம் என்றால் தனக்குப் பிடிபடுமா என்று கேட்டுவிட்டு இப்படி முடித்திருக்கிறார்: "இங்கிலாந்துக் கிராமத்துக் கதையைப் படிச்சு எங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு என்ன சார் ஆகப்போகுது?"

டீச்சர், முதல் மூன்று கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். தமிழில் முதலில் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி', அடுத்து 'பகல் கனவு'. இரண்டையும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. அப்புறம் ஆர்.கே. நாராயண் எழுதிய 'சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்'. இவை மூன்றும் உங்களுக்குள் இறங்கிய பிறகு, நீங்கள் தேடுகிற அசல் சரக்கான மிஸ் ரீட் எழுதிய 'வில்லேஜ் ஸ்கூல்'. ஆங்கிலம் பிடிபடும், அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். கடைசிக் கேள்வியைத்தான் அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாது. தருமபுரி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு அது நெருக்கமான கேள்வி.

டோட்டோ-சான் நாவலும் இல்லை, கிராமத்துப் பள்ளியும் இல்லை. டெட்சுகோ குரோயாநாகி தன் சொந்தப் பள்ளி நாட்களை எழுதி 1981இல் வெளியிட்டது. தோக்கியோவில் பழைய ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய பள்ளி அது. பெயர் தோமோயே. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. நாவல் கேட்டவருக்கு இதை ஏன் முதலில் நீட்டுகிறேன் என்றால், இந்த வகை எழுத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இதில் வரும் ஒரு சின்ன சம்பவம் காட்டிக் கொடுத்துவிடும்.

டோட்டோ-சானின் ஆசைப் பணப்பை கழிவறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் அழவில்லை. நீளமான கைப்பிடி வைத்த அகப்பை ஒன்றைத் தேடி எடுத்து வந்து, பின்பக்கம் குழியின் மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதை அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறாள். மேடு உயர்ந்துகொண்டே போகிறது. அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியர் கோபயாஷி, என்ன செய்கிறாய் என்று கேட்கிறார். பர்ஸ் விழுந்துடுச்சு என்கிறாள். அப்படியா என்று சொல்லிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு போய்விடுகிறார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, கிடைத்ததா என்கிறார். இல்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி போய்விடுகிறார். அவளும் போட்டுவிடுகிறாள். பை கிடைக்கவே இல்லை.

நம் பள்ளி ஒன்றில் இது நடந்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஆயம்மா கத்துவார், அம்மாவைக் கூட்டிவா என்போம், தண்ணீர் ஊற்றிக் கழுவு என்போம். அத்தனையும் நியாயமான கோபம்தான். ஆனால் கோபயாஷி அந்தப் பிள்ளை ஒரு வேலையில் இருக்கிறாள் என்பதைப் பார்த்தார். படிக்கிற நாம் சிரிக்கிறோம், ஆனால் டோட்டோ-சானைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவள் பக்கத்தில் நின்றுகொண்டு சிரிக்கிறோம். இந்த வகைப் புத்தகங்களில் நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க நான் வைத்திருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான்: சிரிக்கும்போது வாசகன் எங்கே நிற்கிறான்?

'பகல் கனவு' குஜராத்தியில் 1930களின் தொடக்கத்தில் ஜிஜுபாய் பதேக்கா எழுதியது. பாவ்நகரில் பாலமந்திர் என்ற சிறு பிள்ளைகள் பள்ளி நடத்தியவர். ஒரு ஆசிரியர் நான்காம் வகுப்பை ஒரு வருடத்துக்கு என்னிடம் விடுங்கள், என் முறைப்படி நடத்துகிறேன் என்று அதிகாரியிடம் அனுமதி வாங்குகிறார். பெரிய திட்டங்களோடு முதல் நாள் வகுப்புக்குள் போய், 'அமைதி விளையாட்டு' விளையாடலாம் என்கிறார். பிள்ளைகள் சந்தைக்கடை ஆக்கிவிடுகிறார்கள். அன்றைக்குப் பள்ளியை விட்டு அனுப்ப வேண்டியதாகிறது. மறுநாள் கதை சொல்லத் தொடங்கியதும்தான் வகுப்பு அவர் கைக்கு வருகிறது. பி.எட். பாடமாக இதைப் படித்தவர்கள் வேறு மாதிரிப் படித்திருப்பார்கள். கதையாக எடுத்து மறுபடி படியுங்கள். புத்தகத்தில் படித்ததை எல்லாம் வகுப்பில் இறக்கப் போய், பத்தாவது நிமிடத்தில் திக்குமுக்காடிய அனுபவம் இல்லாத ஆசிரியர் யார்?

சுவாமிக்கு வருவோம். 1935இல் வந்த நாவல், கிரஹாம் கிரீன் கை கொடுத்ததால் லண்டனில் அச்சேறியது. கதை நடக்கும் மால்குடி சிறு நகரம், கிராமம் இல்லை. இருந்தாலும் கிருஷ்ணகிரிக்காரர் ஒருவர் இதைப் படிக்காமல் விடக்கூடாது. காரணம் ஒரு மாம்பழக் கணக்கு. லீவு நாளில் அப்பா சுவாமிநாதனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொல்கிறார். ராமனிடம் பத்து மாம்பழம், அதை விற்றுப் பதினைந்து அணா பார்க்க வேண்டும். கிருஷ்ணனுக்கு நாலு பழம் மட்டும் வேண்டும். கிருஷ்ணன் எவ்வளவு கொடுக்க வேண்டும்? சுவாமியின் மனசு கணக்கில் ஓடவில்லை. பத்துப் பழத்துக்குப் பதினைந்து அணா கேட்பது நியாயமா, ராமன் எப்படிப்பட்ட ஆள் என்று ஓடுகிறது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்கிறான், மாம்பழம் பழுத்திருக்கிறதா என்று. அப்பாவுக்கு வருகிற கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. அரை மணி நேரம் கழித்து ஆறு அணா என்று பதில் சொல்லிவிட்டு 'ஓ'வென்று அழுகிறான்.

இதை ஒரு தடவை ஊத்தங்கரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வாய்வழியாகச் சொன்னேன். முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து, "பெங்களூராவா, செந்தூராவா சார்?" என்றான். இன்னொருத்தன், "கூழ் பேக்டரிக்குப் போற காயா, கடைக்குப் போற பழமா?" என்றான். அப்பா, மாமன் எல்லாம் மாந்தோப்பில் காய் பறிப்பவர்கள். ரகமும் பழுப்பும் தெரியாமல் மாங்காய்க்கு விலை சொல்ல முடியாது என்பது அவர்களுக்குப் பால் குடிக்கும்போதே தெரியும். சுவாமியின் கேள்வி முட்டாள்தனம் இல்லை, வியாபாரியின் கேள்வி. பாடப்புத்தகத்துக்குச் சரியான விடையும், பிள்ளையின் உலகத்தில் சரியான விடையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சிரிப்பு பிறக்கிறது. அந்த முட்டலில் இரண்டு பக்கத்தையும் பார்க்கத் தெரிந்த எழுத்தாளர்தான் இந்த வகை நாவலை எழுத முடியும்.

மலையாளத்தில் வைக்கம் முகம்மது பஷீரும் இதே இடத்தைத் தொட்டிருக்கிறார். 'பால்யகால சகி'யில் ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று வாத்தியார் கேட்க, மஜீதுக்கு இரண்டு ஆறுகள் சேர்ந்து இன்னும் அகலமான ஒரே ஆறாக ஓடுவது நினைவுக்கு வருகிறது. கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. அதைச் சொல்லியே அப்புறம் அவனைக் கேலி செய்கிறார்கள். வாசகன் மட்டும் ஆற்றங்கரையில் மஜீதோடு நிற்கிறான். அந்த நாவல் போகப்போகத் துக்கத்துக்குப் போய்விடும். ஆனால் பள்ளிப் பகுதிக்காகவே அதைத் தமிழில் தேடிப் படிக்கலாம்.

சரி, மிஸ் ரீட். நிறையச் சொல்லப்போவது இவரைப் பற்றித்தான்.

இயற்பெயர் டோரா செயின்ட். 1913இல் பிறந்து 2012 வரை வாழ்ந்தவர். 'ரீட்' என்பது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். சிறுமியாக லண்டனை விட்டுக் கென்ட் பகுதியில் செல்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்துக்குக் குடிபோய், அந்த ஊர்ப் பள்ளியில் படித்தார். பிறகு அவரே ஆசிரியை ஆனார். 'வில்லேஜ் ஸ்கூல்' 1955இல் வந்தது. தொடர்ந்து 'வில்லேஜ் டைரி' 1957, 'ஸ்டார்ம் இன் த வில்லேஜ்' 1958. அந்த வரிசையின் கடைசிப் புத்தகம் 1996இல் வந்தது. நாற்பது வருடம் ஒரே கற்பனைக் கிராமம், ஃபேர்ஏக்கர். கதையைச் சொல்லும் தலைமையாசிரியைக்கும் மிஸ் ரீட் என்றுதான் பெயர். பள்ளியை ஒட்டிய வீட்டில் தனியாக, ஒரு பூனையோடு இருப்பவர். அவருக்கு எப்படியாவது ஒரு மாப்பிள்ளை பார்த்துவிட வேண்டும் என்று ஏமி என்ற தோழி விடாமல் முயற்சி செய்துகொண்டே இருப்பாள்.

இரண்டு அறைப் பள்ளி. ஒரு அறையில் சின்னப் பிள்ளைகளோடு மிஸ் கிளேர் என்ற வயதான ஆசிரியை, மறு அறையில் பெரிய பிள்ளைகளோடு இவர். அதாவது உங்கள் ஈராசிரியர் பள்ளிதான், டீச்சர். ஒரே அறையில் வேறு வேறு வயதுப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு, ஒரு கூட்டத்துக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு இன்னொரு கூட்டத்துக்குப் பாடம் எடுக்கும் அந்த லாகவம், ஒரு பக்கம் குனிந்தால் மறு பக்கம் கலகலப்பது, இது எல்லாம் அப்படியே இருக்கும். பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித்தராத பல காரியங்களை அந்த அம்மாள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்.

பிள்ளைகளைவிட எனக்குப் பிடித்த பாத்திரம் துப்புரவு வேலை செய்யும் மிசஸ் பிரிங்கிள். குளிர்காலத்தில் அறையைச் சூடாக்க இரண்டு இரும்பு அடுப்புகள். அவற்றைக் கருப்பாகப் பளபளவென்று தேய்த்து வைப்பது அவர் பெருமை. அவற்றைப் பற்றவைக்கச் சொன்னால் போச்சு, செய்த பாலிஷ் வீணாகிறதே என்று முகம் தொங்கிப்போகும். சிந்தின கரியையும் சாம்பலையும் யார் அள்ளுவது? தனக்கு ஒரு குறை என்று பட்டால் உடனே அவருக்குக் கால் வலி வந்துவிடும். தலைமையாசிரியை பார்க்கும்படி நொண்டி நொண்டி நடப்பார். சமாதானம் ஆனால் நொண்டுவது நின்றுவிடும். அந்த அம்மாளின் கால் எந்த நிலையில் இருக்கிறது என்பதை வைத்தே பள்ளியின் அன்றைய அரசியல் நிலவரத்தை வாசகன் தெரிந்துகொள்ளலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மிசஸ் பிரிங்கிளை வெறும் கோமாளியாக்கிவிட்டுப் போக எந்த எழுத்தாளருக்கும் ஆசை வரும். மிஸ் ரீட் அதைச் செய்யவில்லை. அந்தப் பள்ளி சுத்தமாக இருப்பது அந்த அம்மாளால்தான் என்பதைத் தலைமையாசிரியை ஒரு நாளும் மறப்பதில்லை. எரிச்சல் வருகிறது, அதையும் மறைப்பதில்லை. எரிச்சலும் மரியாதையும் ஒரே வாக்கியத்தில் இருக்கும். சத்துணவுக்கூடத்தில் பெருக்கித் துடைத்து, ஈரத்தரையில் பிள்ளைகள் மண்காலோடு ஓடும்போது கத்துகிற நம் ஆயம்மாக்களை நினைத்துக்கொண்டே இந்தப் பக்கங்களைப் படித்தால் அந்த மரியாதை என்னவென்று இன்னும் நன்றாகப் புரியும்.

ஜோசப் காக்ஸ் என்று ஒரு பையன். அப்பா ஆர்தர் குடிகாரர், டைலர்ஸ் ரோ என்ற ஈரம் ஊறிய பழைய குடிசை வரிசையில் வீடு. முதல் புத்தகத்தின் தொடக்கத்தில் அவன் பள்ளிக்குப் புதிதாக வருகிறான். மதியச் சாப்பாடு வண்டியில், பாத்திரங்களில் அடைத்து வரும். அவன் அதை எப்படிச் சாப்பிடுகிறான் என்று அந்த டீச்சர் பார்க்கிறார். வறுமை, பசி, வீட்டில் அடி, இவை எல்லாம் இந்த மென்மையான நாவல்களுக்குள் இருக்கின்றன. "மென்மை" என்றதும் பூந்தோட்டமும் டீ விருந்தும் மட்டும்தான் என்று நினைத்து ஒதுக்குகிறவர்கள் காக்ஸ் குடும்பம் வரும் பக்கங்களைப் படிக்கவில்லை என்றுதான் சொல்வேன். ஆர்தர் காக்ஸைப் பார்த்து ஊர் சிரிக்கும், வாசகனும் சிரிப்பான். ஜோசப்பைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாதபடி எழுதியிருப்பார். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் நம் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்த பிறகு, கிச்சடி நாளில் யார் முதலில் தட்டோடு நிற்கிறார்கள் என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களுக்கு ஜோசப்பை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை.

ஆங்கிலம் பற்றிக் கேட்டீர்கள். வாக்கியங்கள் நீளமாக இருக்கும், ஆனால் முடிச்சு இருக்காது. தடுக்குவது ஆங்கிலம் இல்லை, அந்த ஊர் நடப்புகள்தான். அதனால் சில விஷயங்களை முன்பே தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். அவர்களுக்குப் பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கி ஜூலையில் முடியும். கிறிஸ்துமஸ் வரை ஒரு பருவம், அதன் பிறகு வசந்த காலப் பருவம், பிறகு கோடைப் பருவம்; 'வில்லேஜ் ஸ்கூல்' அந்த மூன்று பகுதிகளாகத்தான் பிரிந்திருக்கிறது. ஃபேர்ஏக்கர் பள்ளி சர்ச்சோடு இணைந்த பள்ளி. அதனால் பாதிரியார் அடிக்கடி வந்து போவார். அவர் வெறும் விருந்தாளி இல்லை, நிர்வாகத்தில் இருப்பவர். 1944இல் வந்த கல்விச் சட்டத்துக்குப் பிறகு பிள்ளைகள் பதினொரு வயதில் தொடக்கப் பள்ளியை விட்டு வேறு பள்ளிக்குப் போயாக வேண்டும். எந்தப் பள்ளி என்பதை ஒரு தேர்வு முடிவு செய்தது. அந்தத் தேர்வைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பெற்றோர் பதற்றம் ஏன் என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடிவிடுவார்களோ என்ற பயமும் புத்தகத்துக்குப் புத்தகம் வரும். அதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா என்ன?

செடி பெயர்கள், பறவைப் பெயர்கள், கேக் வகைகள் நிறைய வரும். அகராதியைத் தொடாதீர்கள். தாண்டிப் போங்கள். அகராதியோடு படித்தால் சிரிப்பு போய்விடும், பரீட்சைக்குப் படித்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு ராத்திரிக்கு ஒரு அத்தியாயம் போதும். இந்த நாவல்களில் பெரிதாக எதுவும் நடக்காது. அடுத்து என்ன என்று ஓடினால் கையில் ஒன்றும் மிஞ்சாது, நாலு நாளில் சலித்துப்போய் மூடிவிடுவீர்கள். இந்த எழுத்து ராகிக் களி மாதிரி, சூடாக, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி விழுங்க வேண்டியது. 'வில்லேஜ் டைரி' ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை மாதம் மாதமாக எழுதப்பட்டிருக்கிறது. அதை அந்தந்த மாதத்தில் அந்தந்தப் பகுதியாகப் படித்துப் பாருங்கள். ஒரு வருடம் முழுக்கத் தூரத்து ஊர் டீச்சர் ஒருவர் பக்கத்து வகுப்பில் வேலை பார்ப்பது போல இருக்கும். முடிந்தால் உங்கள் பள்ளியின் இன்னொரு ஆசிரியருக்கும் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். சிரிப்பு இருவராக இருக்கும்போதுதான் வரும் இடங்கள் இதில் பல.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி. இங்கிலாந்துக் கிராமத்தால் நம் பிள்ளைகளுக்கு என்ன ஆகும்?

பிள்ளைகளுக்கு நேரடியாக ஒன்றும் ஆகாது. மாறப்போவது உங்கள் கண். தமிழில் பள்ளிக்கூடம் கதைக்குள் வரும்போது பெரும்பாலும் காயமாகத்தான் வருகிறது. அதற்குக் காரணம் உண்டு. சாதியும் பிரம்பும் பசியும் நம் வகுப்பறைகளில் செய்ததை எழுத்தாளர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். இரா. நடராசனின் 'ஆயிஷா'வைப் படித்துவிட்டுத் தூங்க முடியாமல் கிடந்த ஆசிரியர்கள் எத்தனையோ பேர். அந்தக் கதைகள் நம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும், நிறுத்த வேண்டும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மறுபடி கதவைத் திறந்து உள்ளே போகிறவருக்கு வேறு ஒரு துணையும் தேவைப்படுகிறது. இன்றைக்கு வகுப்பில் நடந்த எந்த விஷயம் பார்க்கத் தகுந்தது, எது நினைவில் வைக்கத் தகுந்தது என்று காட்டிக் கொடுக்கிற துணை. மிஸ் ரீட் எனக்கு அதைச் செய்தார். அவரைப் படித்த பிறகுதான் பிள்ளைகள் சொல்லும் சாக்குகளை நான் கேட்கவே ஆரம்பித்தேன். அதுவரை ஆஜர், ஆப்சென்ட் என்று குறித்துக்கொண்டு போனேன்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். ராகிக் கதிர் முற்றும் காலத்தில் பன்னார்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இறங்கும். ராத்திரியெல்லாம் காவல் இருந்த அப்பாவோடு தானும் விழித்திருந்த பிள்ளை மறுநாள் வகுப்பில் தூங்கி விழும். "ஏன் நேத்து வரல?" என்றால் "யானை வந்துடுச்சு டீச்சர்" என்று பதில் வரும். அது உண்மையா சாக்கா என்று மற்ற ஊர் ஆசிரியர்கள் யோசிக்கவே வேண்டியதில்லை. நீங்கள் விசாரித்தாக வேண்டும். யானை வராத நாளிலும் யானை வரும், எந்தப் பிள்ளையின் யானை எப்போது வருகிறது என்பது உங்களுக்கு ஆறு மாதத்தில் பிடிபட்டிருக்கும். ஜூனில் பள்ளி திறக்கும்போது உதட்டோரம் மாங்காய்ப் பால் பட்டு வெந்த கருந்தழும்போடு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பாருங்கள். லீவில் எவன் எத்தனை தோப்பு ஏறினான் என்று அந்தத் தழும்பே சொல்லிவிடும். வீட்டில் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசிவிட்டு, டீச்சருக்கு ஏன் புரியவில்லை என்று பரிதாபமாகப் பார்க்கும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அங்கே உண்டு. ஃபேர்ஏக்கரில் இவ்வளவு சரக்கு இல்லை.

மற்ற புத்தகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜாக் ஷெஃபீல்ட் என்ற முன்னாள் தலைமையாசிரியரின் 'டீச்சர், டீச்சர்!' யார்க்‌ஷர் கிராமத்தில் 1977இல் தொடங்கும் கதை. ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் பள்ளிப் பதிவேட்டிலிருந்து இரண்டு மூன்று வரி, கீழே அதற்குப் பின்னால் உண்மையில் நடந்த கதை. 1862இல் வந்த விதிகளுக்குப் பிறகு மானியம் பெறும் பள்ளிகள் அங்கே தினசரிப் பதிவேடு வைத்தாக வேண்டும் என்று ஆனது. அந்த வழக்கத்தைக் கதை சொல்லும் உத்தியாக மாற்றியிருக்கிறார். பதிவேட்டில் ஒரு வரி, வாழ்க்கையில் ஒரு அமளி. மிஸ் ரீட் அளவுக்கு ஆழம் இல்லை என்பது என் கருத்து, ஆனால் படிக்க இன்னும் சுலபம். கெர்வேஸ் ஃபின் ஆய்வாளராக இருந்தவர்; 'தி அதர் சைட் ஆஃப் த டேல்' என்ற நினைவுக் குறிப்புகளில், ஆய்வுக்கு வந்தவரைச் சின்னப் பிள்ளைகள் கேள்வி கேட்டுத் திணற வைப்பதை எழுதுவார். வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார் என்ற செய்தி வந்த நாளின் பரபரப்பு தெரிந்தவர்களுக்கு அது நன்றாக ருசிக்கும்.

ஜப்பானில் நாட்சுமே சோசெகியின் 'போட்சான்' 1906. தோக்கியோவிலிருந்து தொலைதூர ஊருக்குக் கணக்கு வாத்தியாராகப் போகும் முன்கோபக்கார இளைஞன். கடையில் நாலு கிண்ணம் சாப்பிட்டதை மறுநாள் கரும்பலகையில் எழுதி வைக்கிறார்கள், படுக்கையில் வெட்டுக்கிளியை விடுகிறார்கள். வேகமான, கார சாரமான நகைச்சுவை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் படிக்க வேண்டியது அது. சகாயே சுபோயின் 'டுவென்டி ஃபோர் ஐஸ்' (1952) கடலோரக் கிராமம் ஒன்றில் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க 1928இல் சைக்கிளில் வந்து இறங்கும் ஆசிரியையின் கதை. தொடக்கத்தில் சிரிப்பு, பிற்பகுதியில் போர் வந்து எல்லாவற்றையும் பறிக்கும். தனியாகத் தங்கியிருக்கும் ராத்திரிகளில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது படியுங்கள்.

தமிழில் கிடைப்பதில் கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' உங்களுக்குப் பிடிக்கும். அதில் பள்ளிக்கூடத்தைவிடக் காடும் பறவையும்தான் அதிகம். வகுப்பில் வாய் திறக்காத பையன் வெளியே எவ்வளவு தெரிந்தவனாக இருக்கிறான் என்பதை அதுபோலச் சொல்லும் புத்தகம் குறைவு. ச. மாடசாமியின் 'எனக்குரிய இடம் எங்கே?' கதைப் புத்தகம் இல்லை, ஆனாலும் சேர்த்து வாங்கி வையுங்கள். ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாச'த்தை யூமா வாசுகி அருமையாகத் தமிழாக்கியிருக்கிறார், அதற்குச் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருதும் கிடைத்தது. ஓராசிரியர் பள்ளிக்கு ரவி வந்து சேர்வதில் தொடங்கும் மகத்தான நாவல். ஆனால் நீங்கள் இப்போது கேட்ட வகை அது இல்லை. மனசை அள்ளிக்கொண்டு வேறு எங்கோ போய்விடும். ஸ்ரீலால் சுக்லாவின் 'ராக் தர்பாரி'யிலும் கிராமத்துக் கல்லூரி ஒன்று வரும். வயிறு வலிக்கச் சிரிக்கலாம், ஆனால் அந்தச் சிரிப்பு கசப்பு. அதில் யாரையும் நேசிக்க முடியாது. அளவுகோலை அதில் ஒரு தடவை வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் புத்தகத் திருவிழா நடக்கிறது, தமிழ்ப் புத்தகங்களை அங்கே பார்த்து வாங்கலாம். மிஸ் ரீட் புத்தகங்களுக்குப் பெங்களூரில் பழைய புத்தகக் கடைகள்தான் நல்ல இடம். ஓசூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வந்துவிடலாம். வரிசை எண் பார்க்காமல் கையில் கிடைத்ததை வாங்காதீர்கள். முதலில் 'வில்லேஜ் ஸ்கூல்' கிடைத்தால்தான் மிஸ் கிளேர் யார், பிரிங்கிள் அம்மாள் ஏன் நொண்டுகிறார் என்பதெல்லாம் பிடிபடும். சி.ஆர்.சி. (குறுவள மையம்) பயிற்சிக்கு வரும் ஆசிரியர்களில் படிக்கிற பழக்கம் உள்ளவர்களாக இரண்டு பேரைக் கண்டுபிடித்து, ஆளுக்கு ஒன்று வாங்கிச் சுற்றில் விட்டால் செலவும் குறையும்.

டோட்டோ-சானிலும் பகல் கனவிலும் பல பகுதிகளை நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்படியே படித்துக் காட்டலாம். பணப்பைக் கதையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் வேண்டாம்.